இடைவெளி விரதம்: எதை முதலில் செய்வது, எங்கே தவறுவது? முழுமையான வழிகாட்டி

இடைவெளி விரதத்தைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும்?" என்பதைத்தான். அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாளில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் மட்டும் உண்டு, மற்ற நேரம் உண்ணாமல் இருக்கும், இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று பலரும் சொல்லும் இந்த முறையைக் கைவிட்டவர்களில் பசி தாங்காமல் விட்டவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். மாத்திரை நேரத்தைக் கவனிக்காமலும், தொடக்க அளவுகளை எடுக்காமலும், தசையைப் பற்றி எண்ணாமலும் நேரடியாக மணிக்கணக்கில் இறங்கியவர்களே அதிகம்.

நான்கு ஆண்டுகளாக நான் இதைக் கடைப்பிடித்து வருகிறேன். முதல் ஆண்டில் தவறாகச் செய்து, நிறுத்தி, மறுபடியும் தொடங்கினேன். அதன்பின் உறவினர்களும் உடன் பணிபுரிகிறவர்களுமாக 20 பேருக்கு மேல் தொடங்குவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இடறிய இடங்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கக்கூடாதவர்களில் நீங்கள் ஒருவரா என்று பாருங்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிறையாதவர்கள், உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 18.5-க்குக் கீழே உள்ளவர்கள், உணவை அடியோடு ஒதுக்குவதும் பிறகு கட்டுப்பாடின்றி உண்பதுமான கோளாறு வாழ்வில் எப்போதாவது இருந்தவர்கள் ஆகியோர் இதைத் தொடங்கவே வேண்டாம். வளர்ச்சிக்கும் பால் சுரப்புக்கும் வேண்டிய சத்தைச் சில மணி நேரத்துக்குள் உண்டு முடிப்பது கடினம். உண்ணல் கோளாறு இருந்தவர்களுக்கோ, நேரக் கட்டுப்பாடு என்பது பழைய நோய் நல்ல பெயரோடு திரும்பி வரும் வழியாகிவிடும்.

முதல் வகை நீரிழிவு, சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, கவுட் (யூரிக் அமிலம் சேர்வதால் வரும் மூட்டு வலி), பித்தப்பைக் கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. விரதத்தில் கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன்கள் என்ற பொருட்கள், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைப்பதால் கவுட் வலி கிளம்பலாம். பித்தப்பை உணவு வரும்போதுதான் சுருங்கிப் பித்தநீரை வெளித்தள்ளுகிறது. உணவில்லாத நேரம் நீண்டால் அந்த நீர் தேங்குகிறது.

இன்னொரு கூட்டத்தினரையும் குறிப்பிட வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கடந்த ஆறு மாதங்களில் எந்த முயற்சியும் இல்லாமலே எடை குறைந்திருந்தால், அதற்கான காரணத்தைக் கண்டறிவதுதான் முதல் வேலை. விரதம் அந்தக் காரணத்தை மறைத்துவிடும்.

2. மாத்திரைகளை நேரத்தோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்

ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் நேரம், உணவுக்கு முன்பா பின்பா என்பதை எழுதுங்கள். பக்கத்திலேயே, நீங்கள் திட்டமிட்டிருக்கும் புதிய உணவு நேரங்களையும் எழுதிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். "விரதம் இருக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும், தாளைக் காட்டினால் எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்று பேச்சு நகரும்.

அதிகக் கவனம் வேண்டியவை நீரிழிவு மருந்துகள். இன்சுலினும், கிளைமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும் உணவு வராவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையில் ஆபத்து வேறு: நீண்ட நேரம் உண்ணாதிருந்தால் கீட்டோன்கள் அளவுமீறிச் சேர்ந்து ரத்தம் அமிலமாகலாம், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக உயராமலும் இருக்கலாம் என்பதால் கருவியைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது, ஆனால் வெறும் வயிற்றில் அது குமட்டலைக் கொடுக்கும்.

என் உறவினர் ஒருவர் காலை 8 மணி மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, காலை உணவை மட்டும் நண்பகலுக்குத் தள்ளிவைத்தார். இரண்டாம் நாள் 11 மணியளவில் வெளியே போய்த் திரும்பியவர், வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்க முயன்று மூன்று முறை தவறவிட்டார். விரல்கள் நடுங்கின, பிடரியில் வியர்வை ஓடியது. "ஒன்றுமில்லை, பசிதான்" என்றார். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது கருவி 58 காட்டியது. ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. பசி என்று பெயர் சொல்லி அதைக் கடக்க முயலக்கூடாது. 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டியை, நீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஏறாவிட்டால் திரும்பவும் அதையே செய்ய வேண்டும். அன்று அவ்வாறே செய்தோம். மறுநாள் அவர் மருத்துவரிடம் போனார். முதல் நாளே போயிருக்க வேண்டியவர்.

ரத்த அழுத்த மருந்துகளில் சிறுநீரை அதிகரிப்பவை, விரதத்தால் குறையும் நீர்ச்சத்தோடு சேர்ந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலை உண்டாக்கும். ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் ஸ்டீராய்டுகளையும் உணவு நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில் எடுப்பது என்பதால் அதில் சிக்கல் இல்லை. எதையும் நீங்களாகவே நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம்.

3. தொடக்க அளவுகளை எடுத்து வையுங்கள்

எடை பார்க்கும் கருவி மட்டும் போதாது. முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ குறைவதைக் கண்டு மகிழ்கிறவர்கள், அது பெரும்பாலும் தண்ணீர் என்பதை அறிவதில்லை. கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு குறையும்போது அந்த நீரும் போய்விடுகிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பிய மறுநாளே அது திரும்பி வரும்.

ஆகவே பின்வருவனவற்றையும் எழுதி வையுங்கள். இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். அது உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. ரத்த அழுத்தத்தை, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், கை இதய மட்டத்தில் இருக்க, காபி குடித்து அரை மணி நேரமாவது கழிந்த பிறகு அளக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், யூரிக் அமிலம் ஆகிய ரத்தப் பரிசோதனைகளை ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது எத்தனை மணி நேரம் உண்ணாமல் இருந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். முதல்முறை 10 மணி நேரத்திலும் அடுத்தமுறை 20 மணி நேரத்திலும் கொடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. யூரிக் அமிலம் விரதத்தாலேயே ஏறியிருக்கலாம். பிறவியிலேயே கில்பர்ட் கூட்டறிகுறி என்ற தீங்கற்ற கல்லீரல் நிலை உள்ளவர்களுக்கு நீண்ட விரதத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உயர்ந்து, மஞ்சள் காமாலையோ என்று வீண் அச்சத்தைக் கிளப்பும்.

முதுமையைக் கருதி இதைத் தொடங்குகிறவர்கள் தவறாமல் செய்ய வேண்டிய அளவு நாற்காலி அளவு. கைப்பிடியில்லாத, ஆடாத நாற்காலி ஒன்றில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து அமர எத்தனை வினாடி ஆகிறது என்று ஒருவர் பார்த்துக் குறிக்க வேண்டும். முதியோரின் தசை இழப்பைக் கணிக்க ஐரோப்பிய மருத்துவர் குழு 2019-இல் வெளியிட்ட வரையறையில், 15 வினாடிக்கு மேல் ஆனால் கால் வலிமை குறைந்திருக்கிறது என்று பொருள். செலவில்லாத இந்த அளவு, கடையில் வாங்கும் எந்த "உடல் வயது" கருவியையும்விட உண்மையைச் சொல்லும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, மூன்று நாட்களுக்கு வாயில் போகும் ஒவ்வொன்றின் நேரத்தையும் எழுதுங்கள். உணவை மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சச்சிதானந்த பாண்டா குழுவினர் 2015-இல் கைப்பேசிப் படங்களின் மூலம் இதைத் தொகுத்துப் பார்த்தபோது, பங்கேற்றவர்களில் பாதிப் பேர் ஒரு நாளில் ஏறத்தாழ 15 மணி நேரமோ அதற்கு மேலோ எதையாவது உண்டுகொண்டோ பருகிக்கொண்டோ இருந்தது தெரியவந்தது. "நான் மூன்று வேளைதான் சாப்பிடுகிறேன்" என்று சொன்ன பலரும் தங்கள் தாளைப் பார்த்துத் திகைத்ததை நானும் கண்டிருக்கிறேன்.

4. எதை எதிர்பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்வோர், இல்லாத ஒன்றைத் தேடி மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

உடலில் நடப்பது இது. உண்டபின் உயர்ந்த இன்சுலின் சில மணி நேரத்தில் இறங்குகிறது. கல்லீரலில் உள்ள 100 கிராம் அளவிலான கிளைகோஜன், உழைப்பையும் முந்தைய உணவையும் பொறுத்து, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்கிறது. அதற்கேற்பக் கொழுப்பு கரைந்து கீட்டோன்களாக மாறி எரிபொருளாகிறது. இந்த மாற்றம் விளக்கைப் போடுவதுபோல் ஒரு நொடியில் நிகழாமல் படிப்படியாக நிகழ்வதால், "16-ஆவது மணியில் தொடங்குகிறது" என்பது போன்ற கணக்குகளை நம்ப வேண்டியதில்லை.

செல்கள் தம் பழுதான பகுதிகளைத் தாமே சிதைத்து மறுபயன் கொள்ளும் ஆட்டோஃபேஜி பற்றியும் அவ்வாறே. அதன் இயக்கத்தை ஈஸ்ட் செல்களில் கண்டறிந்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. விலங்குகளில் விரதம் அதைத் தூண்டுவது தெளிவு. ஆனால் உங்கள் உடலில் இன்று எவ்வளவு நடந்தது என்று சொல்லும் வழக்கமான ரத்தப் பரிசோதனை கிடையாது. கைப்பேசிச் செயலியில் நிறம் மாறும் வட்டம் கடிகாரத்தைத்தான் காட்டுகிறது. உங்கள் செல்லைக் காட்டவில்லை.

ஆயுளைப் பொறுத்தவரை, உறுதியான முடிவுகள் சுண்டெலிகளிடமிருந்து வந்தவை. 2022-இல் டெக்சாஸில் ஜோசப் தகஹாஷி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைத்து நாள் முழுவதும் பரப்பிக் கொடுத்தபோது ஆயுள் 10 சதவீதமும், அதே குறைந்த உணவை எலிகள் சுறுசுறுப்பாக இருக்கும் இரவில் மட்டும் கொடுத்தபோது ஏறத்தாழ 35 சதவீதமும் கூடியது. ஜாக்சன் ஆய்வகம் 960 பெண் சுண்டெலிகளைக் கொண்டு நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில் விரதம் ஆயுளைக் கூட்டினாலும், மொத்த உணவைக் குறைத்தது அதைவிட அதிகமாகக் கூட்டியது. அவற்றுள்ளும் எடையை அதிகம் இழக்காமல் தாக்குப்பிடித்த எலிகளே நீண்ட நாள் வாழ்ந்தன. ஒரு நாள் பட்டினியில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கக்கூடிய விலங்கின் 16 மணி நேரத்தை நம்முடைய 16 மணி நேரத்தோடு வைத்துப் பார்க்க முடியாது.

மனிதர்களின் ஆயுளை விரதம் நீட்டியதாகக் காட்டிய சோதனை எதுவும் இல்லை. நெருங்கி வருவது 'கேலெரி' என்ற அமெரிக்கச் சோதனை: உடல் பருமன் இல்லாத 200-க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுகள் உணவின் அளவைக் குறைத்தனர், மற்றவர்கள் வழக்கம்போல் உண்டனர். 25 சதவீதம் குறைப்பது இலக்கு; அவர்களால் முடிந்தது சராசரியாக 12 சதவீதம். டி.என்.ஏ. குறியீடுகளைக் கொண்டு மதிப்பிட்டபோது முதுமையின் வேகம் 2 முதல் 3 சதவீதம் வரை தணிந்திருந்ததாக 2023-இல் அறிவித்தார்கள். அவர்கள் குறைத்தது உணவின் அளவை. உண்ணும் நேரத்தை அல்ல.

எடையிலும் கதை ஏறத்தாழ இதுதான். 2022-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த சோதனையில், பருமன் உள்ள 139 பேரில் ஒரு பிரிவினர் கலோரியைக் குறைத்ததோடு காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உண்டனர். மற்றவர்கள் கலோரியை மட்டும் குறைத்தனர். ஓராண்டு முடிவில் முதல் பிரிவினரின் எடை 8 கிலோவும் மற்றவர்களின் எடை 6.3 கிலோவும் குறைந்தன, புள்ளியியல்படி இது வேறுபாடாகக் கொள்ளத்தக்கதன்று. ஆகவே கடிகாரம் என்பது குறைவாக உண்ண உதவும் எளிய வேலி. ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றில் முன்னேற்றத்தை எதிர்பார்ப்பது நியாயம். அவை மூன்றுமே முதுமை நோய்களோடு தொடர்புடையவை என்பதால், அது சிறிய பலன் அல்ல.

5. இரவு உணவின் நேரத்தை நிலைப்படுத்தி, 12 மணி நேரத்தில் தொடங்குங்கள்

மணி நேரத்துக்கு இப்போதுதான் வருகிறோம். தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு உண்டு முடித்துவிட வேண்டும். அதிலிருந்து 12 மணி நேரம் கழித்து மறுநாள் முதல் உணவு. இரண்டு வாரங்களுக்கு இதை மட்டும் செய்யுங்கள்.

இரவுப் பக்கத்திலிருந்து குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே உணவை மாலையில் உண்டால், காலையில் உண்பதைவிட ரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறும். 2018-இல் வெளியான ஒரு சிறு சோதனையில், நீரிழிவின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்கள் ஐந்து வாரங்கள் ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன்பே உண்டு முடித்தனர். எடை குறையாமலே இன்சுலின் செயல்பாடும் ரத்த அழுத்தமும் சீரடைந்தன. எட்டே பேர் என்பதை மறக்க வேண்டாம். பிற்பகல் 3 மணிக்கு உண்டு முடிப்பது குடும்பத்தோடு வாழும் ஒருவருக்கு நடக்கிற காரியமும் இல்லை. எனினும் திசை தெளிவானது.

புதியவர்கள் செய்யும் பொதுத் தவறு இதற்கு நேர்மாறானது: இரவு 10 மணி உணவை அப்படியே வைத்துக்கொண்டு காலை உணவை மட்டும் விட்டுவிடுவார்கள். காலையில் விட்டதை இரவில் சேர்த்து உண்பார்கள், நெஞ்செரிச்சலோடு படுப்பார்கள், தூக்கம் கெட்டு மறுநாள் பசி இரட்டிப்பாகும்.

6. அரை மணி நேரமாகக் கூட்டுங்கள்

12 மணி நேரம் எளிதானபின், ஐந்து நாட்களுக்கு ஒருமுறை 30 நிமிடம் கூட்டலாம். வழக்கமான உணவு வேளைகளை ஒட்டிப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்கிறது. உண்ணாவிட்டாலும் சிறிது நேரத்தில் தானே இறங்கிவிடுகிறது. பசி அலையாக வந்து போவது இதனால்தான். வேளையைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் அந்த அலையும் கூடவே நகரும். ஒரே நாளில் நான்கு மணி நேரம் தள்ளினால் பழைய வேளையிலேயே வந்து மோதும்.

14 மணி நேரத்தில் ஒரு மாதமாவது நில்லுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும் என்பது நான் பார்த்த வரையில் என் முடிவு. 16 மணி நேரம் உண்ணாமல் 8 மணி நேரத்துக்குள் உண்ணும் 16:8 முறைக்குப் போவதானால், புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதை உறுதி செய்தபின் போங்கள். வாரத்தில் இரண்டு நாட்கள் 500 முதல் 600 கலோரிக்குள் உண்ணும் 5:2 முறை, தினசரி நேரக் கட்டுப்பாடு ஒத்துவராதவர்களுக்கு மாற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2017-இல் வெளியான ஓராண்டுச் சோதனையில் அதைச் செய்தவர்களில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகினர், தினமும் அளவாக உண்டவர்களைவிட எடையும் கூடுதலாகக் குறையவில்லை.

8 மணி நேரத்துக்குள் உண்பவர்களுக்கு இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 91 சதவீதம் அதிகம் என்று 2024-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட ஆய்வைக் கேள்விப்பட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். ஏறத்தாழ 20,000 பேர் தாங்கள் இரண்டு நாட்களில் உண்டதை நினைவிலிருந்து சொன்னதை வைத்து எடுத்த தொடர்புக் கணக்கு அது. நோயாலும் வேலைச் சுமையாலும் சரியாக உண்ண முடியாதவர்களும் அந்த 8 மணி நேரக் கூட்டத்தில் இருந்திருக்கலாம் என்பதால், விரதமே காரணம் என்று அதிலிருந்து சொல்ல இயலாது. இதய நோய் உள்ளவர்கள் 12 மணி நேரத்தைத் தாண்ட மருத்துவரைக் கேட்பது அதனால் தேவையற்றதாகிவிடாது.

இரவுப் பணி செய்கிறவர்கள், பணி நேரம் மாறிக்கொண்டே இருந்தால், மணி நேரத்தைக் கூட்ட வேண்டாம். தூக்கத்தைச் சீராக்குவதே அவர்களுக்கு முதல் பலன் தரும்.

7. விரத நேரத்தில் நீரையும் உப்பையும் கவனியுங்கள்

தண்ணீர், பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபி, தேநீர் ஆகியவை போதும். ஒரு கரண்டிப் பால்தானே என்று தொடங்குவது, நான் பார்த்தவரை, இரண்டாம் வாரத்தில் முழுக் கோப்பையாகிவிடுகிறது. சர்க்கரையற்ற இனிப்பூட்டிகள் கலந்த பானங்களையும் தவிர்க்கச் சொல்வேன். இனிப்பின்மேல் உள்ள நாட்டத்தை அவை உயிரோடு வைத்திருக்கின்றன.

முதல் பத்து நாட்களில் வரும் தலைவலிக்கு இரண்டு காரணங்கள் பெரும்பாலும் பொருந்தும். ஒன்று, பால் காபியை விட்டவர்கள் காஃபினையும் சேர்த்தே விட்டிருப்பார்கள். மற்றொன்று, இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் சோடியத்தை வழக்கத்தைவிட அதிகமாக வெளியேற்றும். கூடவே நீரும் போகும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது இதைச் சரிசெய்யாது, இன்னும் நீர்த்துப்போகவே செய்யும். உயர் ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இல்லாதவர்கள் உணவு நேரத்தில் உப்பைக் குறைக்காமல் உண்டால் போதும். இருப்பவர்கள் தலைசுற்றல் வந்தால் மணி நேரத்தைக் குறைக்க வேண்டும், உப்பைக் கூட்டக்கூடாது.

8. விரதத்தை முடிக்கும் உணவைப் புரதத்தில் தொடங்குங்கள்

நெடுநேரம் காத்திருந்தவரின் கை தானாகவே இனிப்புக்கும் பொரித்ததற்கும் போகும். அதனால் முதல் உணவு என்ன என்பதை முந்தைய நாளே முடிவு செய்து வைக்க வேண்டும்; பசித்திருக்கும்போது எடுக்கும் முடிவு நம்முடையதாக இருப்பதில்லை. காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும்.

முதியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். மூன்று வேளையாக இருந்தது இரண்டாகும்போது ஒவ்வொரு வேளையிலும் 30 கிராமுக்கு மேல் வரவேண்டியிருக்கிறது. முட்டை ஒன்றில் இருப்பது 6 கிராம் அளவுதான் என்றால் கணக்கு எவ்வளவு கடினம் என்பது விளங்கும். பயறு வகைகள், பால் பொருட்கள், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உங்களுக்கு ஏற்றவற்றைக் கொண்டு இந்த எண்ணை எட்ட முடியவில்லை என்றால், உண்ணும் நேரத்தைத்தான் நீட்ட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

9. வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைக்கு வேலை கொடுங்கள்

என் முதல் ஆண்டுத் தவறு இங்கேதான். நாளுக்கு ஒரே வேளை உண்டு மூன்று மாதங்களில் ஏழு கிலோ குறைத்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஒருநாள் மின்தூக்கி இயங்காததால், இரண்டு கைகளிலும் பைகளோடு மூன்றாம் மாடிக்கு ஏறியபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் தொடை நடுங்கி, பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு கிலோ கூடுதலாக இருந்தபோது நிற்காமல் ஏறிய படிகள் அவை. அன்று இரவு நாற்காலி அளவைச் செய்து பார்த்தேன்: 13 வினாடி. தொடக்க அளவு என்னிடம் இல்லாததால், எவ்வளவு இழந்தேன் என்பதை இன்றுவரை அறியேன்.

116 பேரைக் கொண்டு 2020-இல் வெளியான 12 வாரச் சோதனையில், 16:8 முறையைக் கடைப்பிடித்தவர்களின் எடை மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நேரில் அளக்கப்பட்டவர்கள் இழந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பற்ற திசுவாக இருந்தது. முதுமையில் ஒருவரை விழவைப்பது தசை இழப்பு. அதை விலையாகக் கொடுத்து எடையைக் குறைப்பது நட்டக் கணக்கு.

நாற்காலியில் அமர்ந்தெழுதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், எடை தூக்கி நடத்தல் ஆகியவற்றில் தொடங்கினால் போதும். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்கும் அளவுக்குச் செய்ய வேண்டும். பயிற்சியை உண்ணும் நேரத்துக்குச் சற்று முன்போ அதனுள்ளோ வைத்துக்கொண்டால், தசைக்கு வேண்டிய புரதம் விரைவில் கிடைக்கும்.

10. இவை தோன்றினால் அன்றே நிறுத்துங்கள்

மயக்கம், நெஞ்சு படபடப்பு, கை நடுக்கத்தோடு வியர்த்தல், குழப்பம், தொடர் வாந்தி, வயிற்றின் வலப்புற மேல்பகுதியில் கடும் வலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் விரதத்தை முடித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் தவறினாலோ, முடி கொத்தாக உதிர்ந்தாலோ, உணவைப் பற்றிய எண்ணமே நாள் முழுவதும் ஓடினாலோ அவையும் நிறுத்த வேண்டிய அறிகுறிகளே. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாட்களில் விரதம் கிடையாது. வாய் நாற்றம், மலச்சிக்கல் ஆகியவை தொல்லைகள் மட்டுமே. முன்னது கீட்டோன்களால் வருவது, பின்னது நார்ச்சத்தும் நீரும் குறைவதால்.

11. 12 வாரம் கழித்து அதே அளவுகளை மறுபடி எடுங்கள்

எச்பிஏ1சி மாறுவதற்கு இந்தக் காலம் வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாட்கள் அளவிலானது என்பதால், அதற்கு முன் பார்த்தால் பழைய நாட்களையே பார்த்துக்கொண்டிருப்போம். அதே நாற்காலி, அதே அளவு நாடா, அதே எண்ணிக்கையிலான உண்ணா மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு குறைந்து நாற்காலி நேரம் கூடாமல் இருந்தால் தொடரலாம். எடை குறைந்து நாற்காலி நேரம் கூடியிருந்தால், விரதத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துப் புரதத்தையும் பயிற்சியையும் கூட்டுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் மூன்று நாள் உணவு நேரத் தாளை மறுபடி எழுதிப் பாருங்கள்; வார இறுதியில் கட்டுப்பாடு அவிழ்ந்திருப்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். தாளும் சரியாக இருந்து பலன் இல்லையென்றால், இந்த முறை உங்களுக்கு உதவவில்லை என்று ஏற்றுக்கொண்டு தினமும் அளவாக உண்ணும் வழிக்குப் போங்கள். எண்கள் அங்கும் இறங்கும்.

சாவியைத் தவறவிட்ட என் உறவினருக்கு மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்து, முதல் உணவோடு சேர்த்து எடுக்கச் சொன்னார். அவர் 13 மணி நேரத்தோடு நின்றுகொண்டார். 12 வாரம் கழித்து நாங்கள் எடுத்த அளவில் இடுப்பு நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது, நாற்காலியில் 14 வினாடியாக இருந்தது 11 ஆகியிருந்தது. 16 மணி நேரத்துக்குப் போகலாமா என்று கேட்டார். இந்த எண்களின் முன்னேற்றம் நின்றுபோகும் வரை வேண்டாம் என்றேன்.